எட்டில் மூன்று

வியர்வையில் ஊறிக் காய்ந்த தோலின் வாசமும், அதன்மேல் பூசிய தேங்காயெண்ணெயின் வாசமும், அடியில் துருப்பிடிக்கத் தொடங்கிய இரும்பின் வாசமும் கலந்த ஒரு நெடியோடுதான் என் சிறு வயது எனக்கு ஞாபகம் வருகிறது. அது அக்காவின் காலிலிருந்து வரும் நெடி. ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. தொடையிலிருந்து சப்பாத்து வரை இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, குறுக்கே தோல் வார்கள் என்று ஒரு சட்டகத்தை மாட்டிக்கொண்டுதான் அவள் நடப்பாள். ஆஸ்பத்திரியில் அதைக் "கலிப்பர்" என்றார்கள். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த, சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் லைன் வீட்டில் அதற்குப் பெயர் "கம்பி". அக்கா எழும்பிவிட்டாளா என்று அம்மா குசினி அடுப்படியிலிருந்து கேட்க மாட்டா, கம்பி போட்டாச்சா என்றுதான் கேட்பா.

அந்தக் கம்பி வெளிநாட்டிலிருந்து யாரோ புண்ணியவான்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவற்றில் ஒன்று, வளருகிற பிள்ளைக்கென்றே செய்தது. ஒவ்வொரு பக்கப் பட்டையும் இரண்டு துண்டாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். காலங்குல இடைவெளியில் வரிசையாக ஓட்டைகள். பக்கத்துக்கு இரண்டு நட்டைக் கழற்றிப் பட்டையைக் கீழே இறக்கி மறுபடி பூட்டினால் கம்பி காலோடு சேர்ந்து வளர்ந்துவிடும். இதைச் செய்ய எங்கள் வீட்டில் ஒரு நாள் இருந்தது. ஜனவரி முதலாம் திகதி, வருஷப் பிறப்பன்று, தேவாலயத்தில் பூசை கண்டு வந்து, பாற்சோறு தின்று முடிந்ததும், அக்கா கட்டில் விளிம்பில் உட்காருவாள், அப்பா தன் ஆயுதப் பெட்டியைத் திறந்துகொண்டு அவளுக்கு முன்னால் தரையில் உட்காருவார். மற்ற வீடுகளில் கதவு நிலையில் கோடு போட்டுப் பிள்ளைகளின் உயரம் பார்ப்பார்கள், எங்கள் லைனிலோ பக்கத்து வீட்டுச் சனம் வாசலில் நின்று, "ஸ்டெலா, இந்த வருஷம் எத்தின ஓட்டை?" என்று கேட்கும். ஒன்று என்றால் அக்கா முகத்தைச் சுளிப்பாள், இரண்டு என்றால் லைன் முழுக்கக் கேட்கச் சொல்லுவாள்.

அப்பா இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்தார். அவருடைய பெட்டியில் இருந்த ஸ்பானர்கள் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை, முக்கால், பதினாறில் ஏழு என்று அடித்திருக்கும். கம்பியின் நட்டுக்கு உரியது எட்டில் மூன்று. விரல் நீளம்தான் இருக்கும், அதை அவர் "த்ரீ எய்ட்" என்று செல்லப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவார். "எடு பாப்பம் த்ரீ எய்ட்ட" என்று கையை நீட்டினால் எடுத்துக் கொடுப்பது என் வேலை. நட்டில் வைத்து ஒரு தரம் இலேசாக அசைத்துப் பார்ப்பார். "ஆடக்கூடாது. ஆடினா அது வேற ஆளின்ட ஸ்பானர்" என்பார். நான் அதைக் கேட்டேன், கேட்டு ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டேன். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இது ஒரு வியாதி.

கெட்டிக்காரி என்று என்னைச் சும்மா சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் காலத்தில்தான் பாடசாலையில் அங்குலத்தைத் துரத்திவிட்டு மீற்றரைக் கொண்டுவந்தார்கள். புடைவைக் கடையில் சனம் கெஜக் கணக்கில் கேட்கக் கடைக்காரர் மீற்றரில் அளந்து கொடுப்பதும், அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி அங்குல நாடாவால் அளந்து ஏமாற்றிவிட்டான் என்று புறுபுறுப்பதும் அன்றாடம் நடந்தது. நான் அந்தப் புது அளவைப் பள்ளியில் முதல் ஆளாகப் பிடித்துக்கொண்டேன். அங்குலத்தை மில்லிமீற்றராக்குவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் யாராவது அடி, அங்குலம் என்று வாய் திறந்தால் திருத்துவேன். அம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல், உன்னை நான் எத்தனை சென்ரிமீற்றர் அகப்பைக் காம்பால் அடிக்க வேண்டும் என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதினான்கு ஆன வருஷம், மழைக்காலத்தின் தொடக்கத்தில் அப்பாவுக்கு அரபு நாட்டு வேலை வந்தது. இரண்டே நாளில் புறப்பட வேண்டும் என்றார்கள். மெக்கானிக்குக்குப் பெட்டிதான் கை என்று சொல்லி ஆயுதப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் எல்லாம் மில்லிமீற்றர். பெட்டி கட்டிலுக்கு அடியில் சும்மா கிடக்கிறது என்று எழுதியிருந்தார். அவருடைய கடிதங்களை வாசித்துக் காட்டுவது அக்காவின் வேலை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்ட வராது. எனக்கு வரும்தான், ஆனால் அக்காவின் குரலில் கேட்டால்தான் அப்பா பேசுகிறமாதிரி இருக்கும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வருஷம் அக்கா மளமளவென்று வளர்ந்தாள். மார்கழி வரும்போதே கம்பியின் மேல்வளையம் தொடையிடுக்கில் உரசத் தொடங்கிவிட்டது. தை மாதம் அவள் ஒன்பதாம் வகுப்பு; எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பு மேல்மாடியில். இருபத்திரண்டு படி. கட்டையான கம்பியோடு அந்தப் படி ஏற முடியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்கா கணக்கில் என்னைவிடப் பெரிய கெட்டிக்காரி. ஆனால் அதைச் சொல்லித் திரிய மாட்டாள். மேல்மாடியில் விஞ்ஞான அறை இருந்தது, அதன் ஜன்னலால் பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியுமாம், அதையெல்லாம் ஒரு வருஷமாக விசாரித்து வைத்திருந்தாள். எட்டில் மூன்று ஸ்பானரைப் பெட்டியோடு கொண்டு போய்விட்டீர்களா, எங்காவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டு அப்பாவுக்கு எழுதினாள். நத்தார்ப் பெருநாள் காலம், கடிதம் எல்லாம் சுணங்கிச் சுணங்கி வந்தது. பதில் வரவில்லை.

அதற்குள் பார்சல் வந்தது. லீவில் வந்த அப்பாவின் கூட்டாளி ஒருவர் மட்டக்குளியிலிருந்து பஸ் பிடித்து வந்து தந்துவிட்டுப் போனார். சவர்க்காரம், அம்மாவுக்குச் சேலை, எனக்குப் பென்சில் பெட்டி, அடியில் ஒரு பச்சை றெக்சின் உறை. உறையை விரித்தால் கண் கூசும் புது ஸ்பானர்கள், ஒவ்வொன்றின் இரண்டு தலையிலும் ஓர் எண்: ஆறு ஏழு, எட்டு ஒன்பது, பத்து பதினொன்று. பின்னமே கிடையாது. எனக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்?

வருஷப் பிறப்பன்று பூசை கண்டோம், பாற்சோறும் தின்றோம். அம்மா பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டோடு போயிருந்தா. அக்கா பழக்க தோஷத்தில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், முன்னால் தரை வெறுமையாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அப்பாவின் இடத்தில் போய்ச் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன்.

"அப்பாட கடிதம் வரட்டும். அவசரப்படாத" என்றாள் அக்கா.

கடிதம் எதற்கு, புது ஸ்பானரே வந்திருக்கிறதே என்று சொல்லிவிட்டுக் கணக்குக் கொப்பியை எடுத்தேன். ஓர் அங்குலத்துக்கு இருபத்தைந்து தசம் நான்கு மில்லிமீற்றர்; அது தரம் மூன்று, வகுத்தல் எட்டு. ஒன்பது தசம் ஐந்து இரண்டு ஐந்து. தசமம் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிவிட வேண்டும். கணக்குப் புத்தகத்தில் அதற்கு மட்டந்தட்டல் என்று பெயர். விடை பத்து. சோதித்துப் பார்க்க ஒன்பதாம் நம்பரை நட்டில் வைத்தேன், ஏறவேயில்லை. பத்தை வைத்தேன், ஏறியது. இலேசாக ஆடியது. கணக்குச் சரி என்று கொப்பியை அக்காவுக்குக் காட்டினேன். அவளும் பார்த்தாள். கணக்குச் சரிதானே, அவள் என்ன சொல்வாள்?

அரை மில்லிமீற்றர்கூட இல்லை அந்த ஆட்டம். ஆனால் கடற்காற்றில் துருப்பிடித்து இறுகிப்போன நட்டுக்கு அது போதும். முழுப் பலத்தையும் போட்டுத் திருப்பினேன்; ஸ்பானர் வழுக்கிக்கொண்டு சுற்றியது. மறுபடி திருப்பினேன். இரும்புத் தூள் என் பாவாடையில் கொட்டியது. ஆறு மூலையும் தேய்ந்து நட்டு உருண்டையாகிவிட்டது. ஒரு நட்டோடு நிறுத்தியிருந்தால் அதைத் தெரியாத்தனம் என்று சொல்லலாம். நான் அதே பக்கத்தில் கீழே இருந்த மற்ற நட்டையும் அதே ஸ்பானரால் திருப்பினேன். அது தெரியாத்தனமில்லை, பிடிவாதம். என் கணக்குப் பிழைக்காது என்ற திமிர். அதுவும் உருண்டையானது.

அக்கா என்னை ஏசவில்லை. குனிந்து, தேய்ந்த நட்டின்மேல் பெருவிரலை வைத்துச் சுற்றித் தடவிப் பார்த்தாள். பிறகு, "அம்மா கேட்டா, பழசாகித் தேஞ்சு போச்சு எண்டு நான் சொல்லுறன். நீ வாயத் திறக்காத" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. நன்றாகச் சொன்னபடி கேட்டேன்.

மூன்றாம் திகதி அம்மா கம்பியை இரும்பு ஒட்டுகிற "பாஸ்" ஒருவரிடம் கொண்டு போனா. சிங்களத்தில் எவ்வளவோ கவனமாகச் சொல்லித்தான் கொடுத்தா. அந்த மனிதரும் நல்லவர், தன்னாலானதைச் செய்தார். நட்டை உளியால் வெட்டியபோது மெல்லிய பட்டை ஓட்டையடியில் வெடித்துவிட்டது. வெடித்ததை ஒட்டிக் கொடுத்தார், காசும் வாங்கவில்லை. ஒட்டிய பிறகு கம்பி உறுதியாகத்தான் இருந்தது, ஆனால் இருந்த நீளத்திலேயே நின்றுவிட்டது. இனி எந்த ஸ்பானராலும் அதை ஓர் ஓட்டை இறக்க முடியாது.

ஐந்தாம் திகதி அப்பாவின் கடிதம் வந்தது. பின்னேரம் அம்மா சுளகோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தா; அக்கா கட்டிலை ஒட்டி நின்ற தையல் மெஷின் மேசைக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தாள். சூட்டைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, பார்சல் கிடைத்ததா என்பதைப் பற்றி. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினாள். பிறகு வாசித்தாள்: "த்ரீ எய்ட் ஸ்பானர் பெட்டியோட இஞ்ச வந்திட்டுது மகள், வீட்டில தேட வேண்டாம்."

அந்த வரியைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். சரியான ஸ்பானர் கடலுக்கு அப்பால் இருந்திருக்கிறது. நான் பொறுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எப்படியும் அந்த நட்டைக் கழற்ற வழியில்லை, நான் முயற்சியாவது செய்தேன். பதினொரு வயதுக்குச் சாப்பாடும் நித்திரையும் திரும்பி வர அது போதுமாக இருந்தது.

அக்கா கட்டையான கம்பியோடு ஏழு கிழமை, மாசி மாதம் முடியும்வரை, மேல்மாடி ஏறினாள். இருபத்திரண்டு படியும் வளையம் உரசி, தொடையிடுக்கு புண்ணாகி, புண் பழுத்து, கடைசியில் ஒரு நாள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். ஆஸ்பத்திரியில் புதுக் கம்பிக்குப் பெயர் எழுதினோம். அது வரும்வரை வீட்டில் இரு என்றா அம்மா. அது வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அவளுடைய வகுப்பு அவளை விட்டுப் போய்விட்டது. சின்னப் பிள்ளைகளோடு போய் இருக்க அவள் சம்மதிக்கவில்லை. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கையால் சுற்றுகிற மெஷின், காலுக்கு வேலை இல்லை. துறைமுகத்துக் கிரேன்களை அவள் அந்த ஜன்னலால் பார்த்தது ஏழு கிழமைதான்.

புதிதாக வந்த கம்பியின் நட்டுகள் மில்லிமீற்றர். பத்தாம் நம்பர் ஸ்பானர் அதில் அசையாமல் உட்கார்ந்தது. ஆனால் அதைக் கழற்ற வேண்டிய தேவை வரவேயில்லை, அக்கா வளர்ந்து முடிந்திருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அப்பா லீவில் வந்தபோது பழைய கம்பியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்தார். ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். அக்காவைக் கூப்பிட்டு முற்றத்தில் இருவரும் நெடுநேரம் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதற்கு வசனம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே வந்து என் தலையில் கை வைத்து, "கணக்கில நீதானாம் முதலாம் ஆள்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் பழைய இரும்பு வாங்குகிறவர் லைனுக்கு வந்தபோது அந்தக் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தது நான்தான். கண்ணில் படாமல் போனால் சரி என்றிருந்தது.

பிறகு நான் கணக்கு ரீச்சரானேன். முப்பது வருஷம் படிப்பித்தேன். மட்டந்தட்டல் பாடம் வருகிற நாளில் எனக்கு வேலைக்குப் போகவே மனம் வராது. கலியாணமாகி வெள்ளவத்தைக்கு வந்தபோது, அப்பாவும் அம்மாவும் போன பிறகு தனியாக இருந்த அக்காவையும் அதே மெஷின் மேசையோடு கூட்டி வந்தேன். கடல் பக்கத்துப் பிளட்டில் நான்காம் மாடி, லிப்ட் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தோம். கலியாணப் பெண்களுக்குச் சட்டை தைப்பதில் அவளுக்கு நல்ல பெயர். மெஷின் மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சியை மட்டும் யாரும் தொடக்கூடாது, நூல் சிக்குப்படும் என்பாள். நாங்களும் தொட்டதில்லை. நாற்பது வருஷமாக ஒரு சொல், ஒரு குத்தல், ஒரு பார்வையால்கூட அந்த வருஷப் பிறப்பை அவள் எனக்கு ஞாபகப்படுத்தியதில்லை. மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

போன வருஷம் அக்கா போய்விட்டாள். நெஞ்சு வலி என்று காலையில் சொன்னாள், மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, அவளிடம் தைக்கப் பழகிய மட்டக்குளிப் பெண்ணுக்கு மெஷினையும் மேசையையும் கொடுப்பதென்று தீர்மானித்தோம். அந்தப் பிள்ளை திரீவீலர்க்காரரோடு கீழே நிற்க, நான் லாச்சியை ஒழித்துக்கொண்டிருந்தேன். பொபின்கள், ஊசிகள், ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்ரிமீற்றரும் அழிந்துபோன நாடா. எல்லாவற்றுக்கும் அடியில் விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாளை இழுத்தபோது, நீலக் கடிதத் தாள் ஒன்றில் சுற்றிய பாரமான ஏதோ ஒன்று கையில் பட்டது.

விரல் நீள ஸ்பானர். தலையில் எட்டில் மூன்று என்று அடித்திருந்தது. சுற்றியிருந்த தாளில் அப்பாவின் கையெழுத்து. சூட்டைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, பார்சலைப் பற்றி. நடுவில் இந்த வரிகள்:

"மகள், த்ரீ எய்ட்டைப் பெட்டியோடு கொண்டு வரவில்லை. மெஷின் லாச்சியில் தாளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். புறப்பட்ட அவசரத்தில் சொல்ல மறந்துவிட்டேன். சின்னவளிடம் கொடு. அவளுக்குக் கை நிதானம், அவளே கழற்றிப் பூட்டட்டும்."

எங்களுக்கு ஓரடி தூரத்தில் இருந்திருக்கிறது. அன்று அக்கா கட்டிலில் இருந்து எட்டினால் அந்த லாச்சியின் கைபிடி எட்டும். நான்கு நாள், வெறும் நான்கு நாள் நான் பொறுத்திருந்தால் அவள் மேல்மாடிக்குப் போயிருப்பாள். எங்கே போயிருப்பாள் என்று கணக்குப் போட இப்போதும் எனக்குத் தைரியம் இல்லை. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள், தன் கம்பி பாழாய்ப்போன அந்தக் கிழமையிலேயே, அரிசி புடைக்கிற அம்மாவுக்கு முன்னால் ஒரு மூச்சுக்கு நிறுத்தி, இல்லாத ஒரு வரியை எனக்காக வாசித்திருக்கிறாள். அப்பாவையும் முற்றத்தில் வைத்து அதற்குச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். பிறகு அந்த லாச்சிக்கு முன்னாலேயே உட்கார்ந்து வாழ்நாள் முழுக்கத் தைத்திருக்கிறாள். நான் நிம்மதியாகச் சாப்பிட்ட சாப்பாடும், தூங்கிய தூக்கமும், படித்த படிப்பும் அந்த ஒரு பொய் வரியில் நின்றவை.

இந்த ஸ்பானரைக் கொண்டு இப்போது என்ன செய்வது? காலி வீதி ஹார்ட்வெயார் கடையில் காட்டினேன். கடைக்காரப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எத்தின எம்எம் அன்ரி?" என்று கேட்டான். ஒன்பதரை என்றேன், அப்படி ஒரு சைஸ் இல்லையே என்றான். கொட்டாஞ்சேனை லைன் வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். வருஷப் பிறப்பில் எத்தனை ஓட்டை என்று கேட்ட சனத்தில் ஒருவரும் இல்லை. பழைய கம்பியை நானே இரும்புக்காரரிடம் கொடுத்தேன், அதன் மற்றப் பக்கத்தில் நான் தொடாத இரண்டு நட்டு நல்லபடி இருந்தன.

இந்த வருஷப் பிறப்பன்று பூசை கண்டு வந்து பாற்சோறு வைத்தேன். பிறகு ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் கட்டில் விளிம்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அப்பாவின் கடிதத்தை முதலிலிருந்து சத்தமாக வாசித்தேன். அவள் நிறுத்திய இடம் வந்தது. நானும் நிறுத்தினேன். அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.